செருகியும் துளையும்: சிறிய பாட்டுப்பெட்டி பெரிய பெட்டியோடு பேசிய வரலாறு

கையடக்கப் பாட்டுப்பெட்டியைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் காதிலேயே முடிந்துவிடுகின்றன. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கருவி மனிதரைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிமைப்படுத்தியதா, நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே அவருக்கென ஓர் அறையைக் கட்டித்தந்ததா என்ற விவாதம் அன்றுதொட்டுப் பண்பாட்டு ஆய்வுகளில் தொடர்கிறது. ஷூஹேய் ஹொசொகாவாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டுரை, பால் து கேயும் பிறரும் 1997இல் வெளியிட்ட நூல், மைக்கேல் புல்லின் 2000ஆம் ஆண்டு நூல் ஆகியவை இவ்விவாதத்தின் முக்கியமான படிகள். மூன்றிலும் மையமாக நிற்பவர் ஹெட்போன் அணிந்த தனி மனிதர்.

ஆனால் அதே மனிதர் வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனைக் கழற்றி, அது இருந்த துளையில் ஒரு கம்பியைச் செருகி, கம்பியின் மறுமுனையைக் கூடத்திலிருந்த பெரிய ஸ்டீரியோவின் பின்புறத்தில் மாட்டிக் கேட்டதும் உண்டு. தனக்கென வைத்திருந்த பாட்டு அந்தக் கணத்தில் வீட்டாருக்கும், சில நேரம் தெருவுக்கும் உரியதாயிற்று. இந்தக் கம்பியின் ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைச் செருகி இருக்கும். மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு செருகிகள் இருக்கும். இரு முனைகளும் ஒரே கம்பியில் இருந்தாலும் அவற்றின் பிறப்பிடம் வேறு. ஒன்று தொலைபேசி நிலையத்தில் பிறந்தது. மற்றொன்று கிராமபோனை வானொலியோடு இணைப்பதற்காகப் பிறந்தது.

முதல் முனையின் கதை 1878இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிகமுறையிலான முதல் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. சந்தாதாரர்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, யாரை யாரோடு இணைப்பது என்பதைக் கையால் விரைந்து செய்ய ஒரு வழி தேவைப்பட்டது. சார்லஸ் ஸ்கிரிப்னர் என்ற பொறியாளர் 1870களின் இறுதியில் உருவாக்கிய வில்விசைத் துளை அதற்கு விடையாக அமைந்தது. மடக்குக் கத்தியை ஒத்த அமைப்பால் அது ‘ஜாக்-நைஃப்’ எனப்பட்டது என்றும், ‘ஜாக்’ என்ற பெயர் அதன் சுருக்கம் என்றும் பரவலாக விளக்கப்படுகிறது. இன்று கைப்பேசியைப் பற்றிப் பேசும்போது ‘ஜாக் இல்லை’ என்று தமிழில் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குள் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் 1882இல் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டு, இணைத்துப் பேசவைக்கும் இந்தத் தொழில்நுட்பம் இந்தியாவுக்கும் வந்தது.

இணைப்பகச் செருகி கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் உடல் முனை, வளையம், உறை என மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனி மின்தடமாகச் செயல்பட்டது. டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் 1950களில் பரவியபோது இச்செருகியின் சிறுத்த வடிவங்கள் ஒற்றைக் காது இயர்போனுக்காகப் பயன்பட்டன. பின்னர், இணைப்பாளர்களுக்காக வகுக்கப்பட்ட அதே மூன்று பகுதிகள் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என ஸ்டீரியோவுக்கு அப்படியே பொருந்தின. இன்னொரு மரபும் உடன் வந்தது. செருகி நுழைந்ததும் துளைக்குள் இருக்கும் வில்விசைத் தொடுப்பு விலகி, கருவியின் சொந்த ஸ்பீக்கர் வாயடைத்துப்போகும். இயர்போனைச் செருகியதும் ரேடியோ பெட்டி மௌனமாவது இணைப்பகத்தின் பழைய ஏற்பாடுதான்.

இரண்டாவது முனையின் கதை பொருளாதாரப் பெருமந்தத்தோடு தொடர்புடையது. அமெரிக்காவில் 1927இல் பத்துக் கோடியைத் தாண்டியிருந்த இசைத்தட்டு விற்பனை, 1932இல் அறுபது லட்சமாகச் சரிந்தது. வானொலியில் இசை இலவசமாகக் கிடைக்கும்போது இசைத்தட்டை யார் வாங்குவார்கள்? ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் இதற்குக் கண்ட மறுமொழி எளிமையானது. 1930களின் நடுப்பகுதியில் அது ‘டூவோ ஜூனியர்’ என்ற சிறிய தட்டுச்சுழற்றியை 16.50 டாலர் விலையில் விற்றது. அதில் பெருக்கியும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வானொலிப் பெட்டியோடு இணைத்தால் மட்டுமே அது பாடும். விலையுயர்ந்த பாகங்கள் எல்லாம் வானொலிக்குள் இருப்பதால் பாட்டுக் கருவியை மலிவாகச் செய்துவிட முடிந்தது. வானொலியும் கிராமபோனும் ஒன்றாக அமைந்த பெரிய மரப்பெட்டிகளுக்குள் பாகங்களை எளிதில் கழற்றி மாட்டுவதற்காக அதே நிறுவனம் 1930களில் கொண்டுவந்த சிறு செருகிதான் இன்று ‘ஆர்.சி.ஏ. பின்’ என்று அழைக்கப்படுகிறது. 1949இல் நிமிடத்துக்கு 45 சுற்று இசைத்தட்டை அறிமுகப்படுத்தியபோதும், ஸ்பீக்கர் இல்லாமல் வானொலியோடு இணைத்துக் கேட்கும் மலிவான சுழற்றி ஒன்றை அந்நிறுவனம் உடன் விற்றது.

ஆகவே ‘சிறிய கருவியைப் பெரிய கருவியோடு இணைத்தால் நன்றாகக் கேட்கும்’ என்ற எண்ணம் வாக்மேனுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. ஒலியைத் தேடித்தரும் பெட்டி ஒன்று, அதை உரக்கச் சொல்லும் பெட்டி இன்னொன்று என்ற வேலைப் பிரிவினை அப்போதே வந்துவிட்டது. பின்னாளில் ஆம்ப்ளிஃபையர்களின் பின்புறத்தில் ‘ஃபோனோ’, ‘டியூனர்’, ‘டேப்’ என்று பெயரிட்ட துளைகளின் வரிசையில் ‘ஆக்ஸ்’ என்று ஒன்று சேர்ந்தது. துணை, உதவி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘ஆக்சிலியரி’ என்பதன் சுருக்கம் அது. வடிவமைப்பாளரால் முன்கூட்டிப் பெயர் சொல்ல முடியாத கருவிக்காக ஒதுக்கப்பட்ட துளை. எது வந்தாலும் ஏற்றுக்கொள்வதே அதன் இலக்கணம்.

வாக்மேன் இந்த வரிசையில் எதிர்பாராத விருந்தாளி. சோனியின் இணை நிறுவனர் மசாரு இபுகா, நீண்ட விமானப் பயணங்களில் ஸ்டீரியோ இசை கேட்க விரும்பியதையொட்டி, செய்தியாளர்களுக்கான ‘பிரெஸ்மேன்’ ஒலிப்பதிவுக் கருவியை மாற்றியமைத்து உருவாக்கப்பட்ட கருவி அது. பதிவு செய்யும் வசதியும் ஸ்பீக்கரும் நீக்கப்பட்டன. டி.பி.எஸ்.-எல்2 என்ற அந்த முதல் மாதிரியில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. ஒருவர் கேட்பதை மற்றொருவரும் கேட்கலாம். தனிமையின் சின்னம் என்று பின்னால் பேசப்பட்ட கருவி, பகிர்ந்து கேட்பதற்கான இரட்டைத் துளையோடுதான் பிறந்தது என்பது ஆய்வாளர்கள் பலமுறை சுட்டிய முரண். அத்துளையில் மூன்றாவதாக ஒரு பயன்பாடும் ஒளிந்திருந்தது. ஸ்டீரியோவுக்குச் செல்லும் கம்பியையும் அது மறுக்கவில்லை.

அப்படி இணைப்பது மின்னியல் நோக்கில் ஏன் இயன்றது என்பது கவனிக்கத்தக்கது. ஹெட்போன் துளை சில பத்து ஓம் மின்தடை கொண்ட சுமையை இயக்குவதற்காக அமைந்தது. ஸ்டீரியோவின் உள்ளீடோ பல்லாயிரம் ஓம் மின்தடை கொண்டது. அது கேட்பது மிகச் சிறிய மின்னோட்டத்தை. கனமான மூட்டையைத் தூக்கப் பழகியவரிடம் ஒரு காகிதத்தைக் கொடுப்பது போன்றது இது. ஆகையால் தீங்கு நேர்வதில்லை. இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. பாட்டு முதலில் கையடக்கக் கருவிக்குள் இருக்கும் சிறு பெருக்கியில் ஒருமுறை பெருக்கப்படுகிறது. பிறகு ஸ்டீரியோவில் மறுமுறை பெருக்கப்படுகிறது. சிறிய கருவியின் ஒலியளவைக் குறைவாக வைத்தால் அதன் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். முழுவதும் கூட்டினால் அலை வெட்டுப்பட்டுச் சிதையும். முக்கால் அளவில் நிறுத்தி, மீதியைப் பெரிய பெட்டியின் குமிழிடம் விட வேண்டும் என்ற வழக்கம் பயனர்களிடையே அனுபவமாகக் கைமாறியது. கையடக்கக் குறுந்தட்டுக் கருவிகள் சிலவற்றில் ‘லைன் அவுட்’ என்ற தனித் துளை தரப்பட்டதற்குக் காரணமும் இதுவே. அது ஒலியளவுக் குமிழையும் ஹெட்போன் பெருக்கியையும் சுற்றிக்கொண்டு நேராக வெளியே வருவது.

பெரிய பெட்டியின் பின்புறத்தில் எந்தத் துளையில் செருகுவது என்பதும் அறிவு சார்ந்த கேள்வியாக இருந்தது. ‘ஃபோனோ’ துளை இசைத்தட்டு ஊசிக்கு உரியது. ஊசி தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. மேலும் இசைத்தட்டில் மந்த ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் வெட்டும் வழக்கம் 1950களின் நடுவில் ஒரு பொதுத் தரமாக நிலைபெற்றது. ஃபோனோ உள்ளீடு அதைத் தலைகீழாக்கி நேர்செய்யும். அத்துளையில் வாக்மேனை மாட்டினால், நேர்செய்ய வேண்டாத ஒன்றை நேர்செய்து, பாட்டை முழக்கமாகவும் மங்கலாகவும் கெடுத்துவிடும். ‘ஆக்ஸ்’, ‘டேப்’ துளைகளுக்கு அந்தக் குணம் இல்லை. மின்கல இயக்கத்திலிருந்த கருவிக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. வீட்டு மின்சாரத்தோடு தொடர்பு இல்லாததால், தரைக்கம்பிகள் வளையமாகச் சேரும்போது எழும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அதில் வருவதில்லை. சார்ஜரை மாட்டிய பிறகே அது தலைகாட்டும்.

இந்தியாவில் இந்த வரலாறு வாக்மேனுக்கு வெகுமுன்பே வேரூன்றியிருந்தது. வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பின்புறத்தில் ‘பிக்கப்’ அல்லது ‘கிராம்’ என்று குறிக்கப்பட்ட துளைகள் இருந்தன. திருமணத்துக்கும் கோயில் விழாவுக்கும் வந்த மைக்செட்டில் இசைத்தட்டுச் சுழற்றி பெருக்கியோடும், பெருக்கி குழாய் ஒலிபெருக்கியோடும் இணைந்தன. சுழற்றி இருந்த இடத்துக்குப் பிறகு கேசட் கருவி வந்தது. அதன் பிறகு குறுந்தட்டுக் கருவி. அதன் பிறகு கைப்பேசி. பெருக்கியின் துளை மட்டும் மாறவில்லை.

1970களின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் கொண்டுவந்த ‘டூ-இன்-ஒன்’ கருவிகள் கேசட்டை இந்திய வீடுகளுக்குள் பரப்பியதைப் பீட்டர் மானுவல் 1993இல் வெளியான தம் நூலில் விளக்குகிறார். கேசட்டின் மலிவு எவ்வாறு ஒரே நிறுவனத்தின் ஆதிக்கத்தைத் தளர்த்தி, வட்டார இசைகளுக்கு இடம் தந்தது என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தோடு கம்பியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கேசட்டுக்குப் பாட்டு இரண்டு வழிகளில் வந்தது. கம்பி இல்லாத வீட்டில் ரேடியோவின் முன் கருவியை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, எல்லோரையும் பேசாதிருக்கச் சொல்லிவிட்டுப் பதிவு செய்தனர். பாட்டோடு நாய் குரைப்பதும் பதிவாயிற்று. கம்பி இருந்த இடத்தில் பாட்டு மட்டுமே பதிவாயிற்று. 1980களில் தமிழகத்துச் சிற்றூர்கள்வரை பரவிய பாடல் பதிவுக் கடைகள் இந்த வேறுபாட்டை முதலீடாகக் கொண்டவை. வாடிக்கையாளர் எழுதிக்கொடுத்த பட்டியலின்படி இசைத்தட்டிலிருந்து வெற்று கேசட்டுக்குப் பாட்டை ஏற்றித் தந்த அக்கடைகள், சுழற்றிக்கும் பதிவுக் கருவிக்கும் இடையே ஓடிய இணைப்புக் கம்பியின் மேல் நின்ற தொழில். காப்புரிமை நோக்கில் அது கேள்விக்குரியது. கேட்கும் பண்பாட்டின் நோக்கில், தமக்கு வேண்டிய வரிசையில் பாட்டைத் தொகுத்துக்கொள்ளும் வாய்ப்பை எளிய மக்களுக்கு அது தந்தது.

சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, தில்லி லஜ்பத் ராய் சந்தை ஆகிய இடங்கள் இக்கம்பிகளின் இந்தியத் தலைநகரங்கள். 3.5 மில்லிமீட்டர் செருகி அங்கே ‘இ.பி. பின்’, 6.35 மில்லிமீட்டர் செருகி ‘பி-38’. இரு முனைகளையும் தனித்தனியே வாங்கி, வயரை அளந்து வெட்டி, பற்றவைத்துக்கொள்ளலாம். இச்சொற்கள் கல்விப்புலத்தில் உருவானவை அல்ல. கடைக்காரர், பழுதுபார்ப்பவர், மைக்செட் தொழிலாளி ஆகியோரின் நாவில் நிலைபெற்று, மொழி எல்லைகளைத் தாண்டி நாடு முழுவதும் புரிந்துகொள்ளப்படும் ஒரு தொழிற்சொற்கோவை இது.

இந்த இணைப்புக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. செருகி பிறந்த தொலைபேசித் துறையில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தன் இணைப்பில் அயல் கருவி எதையும் சேர்க்கக் கூடாது என்று நெடுங்காலம் தடுத்தது. பேசுவாயின் மேல் மாட்டும் ‘ஹஷ்-எ-ஃபோன்’ என்ற வெறும் கிண்ணத்துக்காகக்கூட வழக்கு நடந்து, 1956இல்தான் அதற்கு எதிரான தடை நீங்கியது. கார்ட்டர்ஃபோன் வழக்கில் 1968இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத வெளிக்கருவிகளை இணைக்கும் உரிமையை ஏற்றது. தொலைபேசியில் வழக்காடிப் பெற வேண்டியிருந்த உரிமை, இசைக் கருவிகளில் வழக்கமாகவே நிலைபெற்றிருந்தது. 1970களில் செய்த பெருக்கியோடு 2010களில் செய்த கைப்பேசி இணைந்து பாடியபோது, இரண்டையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை. துளையின் அளவும் மின்னழுத்தத்தின் அளவும் பொதுவாக இருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

இந்நிலை படிப்படியாக மாறியது. 2001 அக்டோபரில் வந்த ஐபாடில் வழக்கமான ஹெட்போன் துளை இருந்தது. 2003இல் மூன்றாம் தலைமுறை ஐபாடோடு 30 முனை கொண்ட இணைப்பி சேர்ந்தது. அதன் வழியே லைன் அவுட் கிடைத்ததால் ஒலித் தரம் உண்மையிலேயே மேம்பட்டது, சார்ஜும் ஏறியது. கருவியை நிறுத்திவைத்தால் பாடும் ‘டாக்’ ஸ்பீக்கர்கள் வீடுகளிலும் விடுதிகளிலும் பெருகின. ஆனால் அந்த இணைப்பி ஒரு நிறுவனத்தின் சொத்து. துணைக்கருவி செய்பவர்களுக்கான உரிமத் திட்டம் 2005இல் அறிவிக்கப்பட்டது. 2012இல் அதே நிறுவனம் லைட்னிங் என்ற வேறு இணைப்பிக்கு மாறியபோது, லட்சக்கணக்கான டாக் ஸ்பீக்கர்கள் ஒரே நாளில் பழம்பொருளாயின. அவற்றுள் பின்புறத்தில் ‘ஆக்ஸ்’ துளை வைத்திருந்தவை மட்டும் தொடர்ந்து பயன்பட்டன. 1930களில் வந்த ஆர்.சி.ஏ. துளை இன்றும் வேலை செய்ய, 2003இல் வந்த இணைப்பி ஒன்பது ஆண்டுகளில் காலமானது. 2016இல் வெளியான ஐபோன் 7இல் ஹெட்போன் துளையே நீக்கப்பட்டது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கருவிக்குள் இடம் மிச்சம், நீர் புகாமல் காப்பது எளிது, கம்பி சிக்குவதில்லை. ப்ளூடூத் வழியே ஸ்டீரியோ இசையை அனுப்பும் நெறி 2003இலேயே வகுக்கப்பட்டிருந்தது. எனினும் அந்நெறியின் அடிப்படைக் குறிமுறை ஒலியைச் சுருக்கி அனுப்புவது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பு இன்னொரு முறை சுருங்கித்தான் காற்றில் செல்கிறது. சிறு ஹெட்போனில் மறைந்திருக்கும் இக்குறைகளைப் பெரிய ஸ்பீக்கர் மறைப்பதில்லை. மேலும் கம்பியற்ற ஒலி இறுதியில் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2004இல் வந்த ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் கருவி, கணினியின் பாட்டைக் காற்றில் பெற்று, தன்னிடமிருந்த 3.5 மில்லிமீட்டர் துளை வழியே ஸ்டீரியோவுக்குக் கொடுத்தது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஏற்பியும் அதையே செய்கிறது. கம்பியை ஒழித்த தொழில்நுட்பம் பழைய ஸ்டீரியோவிடம் பேச வேண்டுமானால், கடைசி ஒரு முழத்துக்குக் கம்பியையே நாட வேண்டியிருக்கிறது.

ஒலி ஆய்வுகள் இதுவரை கருவிகளையும் கோப்பு வடிவங்களையும் விரிவாகப் பேசியுள்ளன. ஜொனதன் ஸ்டெர்ன் எம்பி3 வடிவத்துக்கு ஒரு நூலையே 2012இல் அளித்தார். இணைப்புக்கு அத்தகைய கவனம் இன்னும் தேவைப்படுகிறது. இந்தியச் சூழலில் அது அவசரமான தேவையும்கூட. பாடல் பதிவுக் கடை நடத்தியவர்கள், மைக்செட் தொழிலாளர்கள், ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்த்தவர்கள் ஆகியோரின் அறிவு எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. எந்தத் துளையில் எதைச் செருகினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் பத்தாயிரம் முறை செய்து அறிந்தவர்கள். அவர்களுள் மூத்த தலைமுறை மறைந்து வருகிறது. ஒரு கேசட்டை நூறு ஆண்டு காப்பாற்றலாம். அதை எதனோடு எப்படி இணைத்துக் கேட்டார்கள் என்பது தெரியாமல் போனால், காப்பாற்றியது பிளாஸ்டிக் பெட்டியாக மட்டுமே எஞ்சும். வாய்மொழி வரலாறு சேகரிக்கும் மாணவர்கள் அடுத்த முறை அத்தகைய கடை ஒன்றுக்குச் சென்றால், அலமாரியில் இருக்கும் கருவிகளைக் கேட்டறிந்த பிறகு, மேசைக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கும் வயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்க வேண்டும்.